அக்காவின் நவம்பர்

நவம்பர் 4
"ஏன்டா, பொரியல் வைக்கலையா?" என்றாள் அக்கா. தட்டின் இடது பாதியில் பொரியல் அப்படியே இருந்தது. தட்டைத் திருப்பி வைத்தேன்.

நவம்பர் 7
மழை. வேளச்சேரியில் தண்ணீர் தேங்கியதால் பிசியோதெரபிஸ்ட் வரவில்லை.

நவம்பர் 9
அத்தை போன் செய்தார். "வைரஸ்தான் போயிடுச்சே, இன்னும் ஏன் இப்படி இருக்கா?" மூளையிலிருந்து போனது வைரஸ்தான். அது அழித்த நரம்புறை, நரம்பைச் சுற்றியிருக்கும் காப்பு, போனது போனதுதான். ஜேசி வைரஸ் என்கிற அது, வளர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் உடம்பில் உண்டு, அத்தைக்கும் இருக்கலாம், எனக்கும். சிறுநீரகத்தில் சும்மா கிடக்கும். அக்காவுக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்), உடம்பின் எதிர்ப்பு அணுக்களே நரம்புறையைத் தாக்கும் நோய். அதற்குக் கொடுத்த நடாலிசுமாப் மருந்து, அந்த அணுக்களை மூளைக்குள் போகவிடாது. எம்.எஸ். அடங்கியதும் அதனால்தான், வைரஸுக்கு வழி கிடைத்ததும் அதனால்தான். 2004-ல் அமெரிக்காவில் அனுமதித்து, 2005-ல் இந்தத் தொற்றுக்காக நிறுத்தி, 2006-ல் கட்டுப்பாடுகளோடு மறுபடி விட்ட மருந்து. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம். அந்த மருந்தில்தான் அக்கா தடுமாறாமல் மாடி ஏறினாள், பள்ளியில் கணக்கு எடுத்தாள். அதைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவளும் திட்டுவதில்லை. அத்தைதான் திட்டுகிறார்.

நவம்பர் 10
வலிப்பு வரவில்லை. தூங்கினாள்.

நவம்பர் 15
இடது கால் இழுக்கிறது என்கிறாள். எம்.எஸ். திரும்புகிறதா? வைரஸா? பழைய சேதமா? மூன்றுக்கும் கால் ஒரே மாதிரிதான் இழுக்கும். தொற்று தொடங்கிய அன்றைக்கும் இப்படித்தான், கதவு நிலையில் இடித்துக்கொண்டவளை "பார்த்து நடக்கக் கூடாதா" என்றோம். அறிகுறி வருவதற்கு முன்பே ஸ்கேனில் பிடிபட்டால், சேதமும் சின்ன இடத்தோடு நின்றிருந்தால், பிழைப்பவர்கள் தேறுவது அதிகம். இந்த மருந்தால் இது வந்தவர்களில் நாலில் ஒருவர்போல இறந்துவிடுகிறார்கள். அக்கா மீதி மூன்றில் இருக்கிறாள். அந்த மூன்றுக்குள்ளும் எத்தனை விதம்! மருந்தை நிறுத்தி, ரத்தத்தில் மிஞ்சியிருந்ததை வெளியேற்ற பிளாஸ்மாவை மாற்றியதும் எதிர்ப்பு சக்தி ஒரேயடியாக உள்ளே பாய்ந்து மூளையை வீங்கவைத்ததே, அந்த வாரங்களில்தான் பேச்சும் போனது. ஸ்டீராய்டு கொடுத்த பிறகு பேச்சு திரும்பியது. இடது பக்கப் பார்வை திரும்பவில்லை.
மணி இரண்டு. போய்ப் படுக்க வேண்டும்.

நவம்பர் 18
எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. ஆட்டோவில் கிண்டி வரும்வரை பேசவே இல்லை. அப்புறம், "பஜ்ஜி வாங்கேன்."

நவம்பர் 19
பழைய தழும்புதான், புதிதாக எதுவும் ஒளிரவில்லை என்றார் டாக்டர். நிம்மதியில் எழுந்துவிட்டேன். "உட்காருங்க, யூரின் பார்க்கணும்." சிறுநீர்த் தொற்றோ லேசான காய்ச்சலோ போதுமாம், பழைய அறிகுறிகள் தலைதூக்க. எம்.எஸ்.ஸுக்கு எதிர்ப்பு சக்தியை அதிகம் அடக்காத கிளாட்டிராமர் ஊசியே தொடரட்டும், வீரியமான மருந்துக்கு இப்போது துணியவில்லை என்கிறார்.

நவம்பர் 21
யூரினில் தொற்று இருக்கிறது. அத்தைக்கு ஏனோ ஏமாற்றம்.

நவம்பர் 25
ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிய இன்னும் இரண்டு மாத்திரை. கால் கொஞ்சம் பரவாயில்லை என்கிறாள், நடையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒன்பதாம் வகுப்புக் கணக்கோடு வந்தான். அவனைத் தன் வலது பக்கம் உட்காரச் சொன்னாள். வலிப்பு மாத்திரை நாளை மாலையோடு தீர்கிறது, மழை விட்டால் காலையிலேயே