12 வீசைக் கவசமும் ஒரு ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியும்

"இதைப் போட்டுக்கிட்டு இவ எப்படி மாப்ளே உட்காருவா?"

படத்தைப் பார்த்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி இதுதான். மூன்று வாரமாக வரைந்தது. அவள் பெயர் அலையாத்தி. ஐராவதி கழிமுகக் காடுகளில் படகிலேயே திரியும் ஒரு கற்பனைப் படைக்குத் தலைவி. கழுத்திலிருந்து தொடை வரை ஒரே வார்ப்பாக வெள்ளிக் கவசம், தோளுக்கு ஒன்றாக யானைத் தந்தம் போல இரண்டு கொம்பு, முதுகில் அவள் உயரத்துக்கு ஒரு வாள். கவசத்தில் விழும் நிலா வெளிச்சத்துக்கு மட்டும் நாலு ராத்திரி ஆனது. (கரண்ட் இருந்த ராத்திரிகளை மட்டும் சொல்கிறேன்.) மாமா நிலா வெளிச்சத்தைக் கவனிக்கவே இல்லை.

அவருக்கு யாங்கோனில் தாம்வே பக்கம் வெல்டிங் பட்டறை. கிரில் கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்ட். தகட்டைத் தடவிப் பார்த்தே கனம் சொல்கிற ஆள். அவரிடம் போய் இந்தப் படத்தைக் காட்டினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

கற்பனைப் படம்தானே, பறக்கும் பாம்பு வரும் கதையில் கவசம் மடங்கினால் என்ன, மடங்காவிட்டால் என்ன என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனால் படுத்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. படகில் வாழ்கிறவள் என்று எழுதி வைத்தவன் நான்தான். படகில் உட்காராமல் வேறு என்ன செய்வாள்?

சரி, சோதித்துத்தான் பார்ப்போமே என்று ஆரம்பித்தேன். கீழே உள்ளது கடந்த இரண்டரை மாதத்தின் கதை.

வாளில் தொடங்கினேன், அது வெறும் பெருக்கல் கணக்கு என்பதால். அலையாத்தியின் உயரம் 165 சென்டிமீட்டர் என்று வைத்து அளந்தால், படத்தில் உள்ள வாளின் வெட்டும் தகடு 160 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 2 கனம். எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7.85 கிராம். பெருக்கினால் கிட்டத்தட்ட 63 கிலோ. விளிம்புப் பக்கம் மெலிகிறது என்று தாராளமாகப் பாதியைக் கழித்தாலும் 31 கிலோ, நம் சந்தைக் கணக்கில் 19 வீசை (இங்கே ஒரு வீசை சுமார் 1.63 கிலோ). இதை முதுகில் மாட்டிக்கொண்டு ஒருத்தி படகின் ஓரத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறாள். படகு கவிழவில்லை என்பதுதான் என் கதையின் மிகப் பெரிய மாயாஜாலம்.

நிஜ வாள்களின் எடையைப் பார்த்தபோது வெட்கமாகவே இருந்தது. ஐரோப்பாவில் இரண்டு கையாலும் பிடித்த நீள வாள்கள் பெரும்பாலும் 1.1 முதல் 1.8 கிலோவுக்குள் அடங்கிவிடுகின்றன, அதாவது ஏறக்குறைய ஒரு வீசை. 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கூலிப்படையினர் தூக்கித் திரிந்த ஆளுயர வாள்கள்கூட 2 முதல் 3.5 கிலோதான். மாமாவின் பட்டறைச் சுவரில் தாத்தா காலத்துத் தா ஒன்று தொங்குகிறது. பர்மியர்கள் தா என்று சமையல் கத்தியையும் சொல்வார்கள், போர்வாளையும் சொல்வார்கள். இது இரண்டுக்கும் நடுவில். ஒருபக்கம் மட்டும் கூர், லேசான வளைவு, உருண்டையான நீளக் கைப்பிடி, கைக்கு மறைப்புத் தகடு கிடையாது. எதிர்வீட்டுக் காய்கறிக்கார அக்காவின் தராசில் வைத்தோம். அரை வீசைக்குக் கொஞ்சம் மேல். அக்கா அதற்கும் விலை கேட்டாள்.

அதே மூச்சில் கவசத்தையும் எடையில் மடக்கிவிடலாம் என்று பார்த்தேன். அங்கே என் எண்ணம் பொய்த்தது. 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தகட்டுக் கவசம், தலை முதல் கால் வரை முழுதாக, 15 முதல் 25 கிலோதான் இருந்திருக்கிறது. நடுவாக 20 என்று வைத்தால் 12 வீசை. 50 கிலோ அரிசி மூட்டையில் பாதிகூட வராது. அதுவும் ஒரே இடத்தில் தொங்காமல் உடம்பெங்கும் பரவி நிற்கும். பழகியவர்கள் அதோடு ஓடினார்கள், விழுந்து எழுந்தார்கள், தாமாகவே குதிரை ஏறினார்கள். வீரரைக் கப்பி கட்டித் தூக்கிக் குதிரையில் உட்காரவைத்தார்கள் என்பதெல்லாம் பிற்காலக் கட்டுக்கதை.

அப்படியென்றால் மாமா கேட்டது எடையைப் பற்றி அல்ல. மடிப்பைப் பற்றி.

அதற்குக் கணக்கு உதவாது. கடைத்தெருவில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கி வந்து, படத்தில் உள்ள கவசத்தை அப்படியே என் அளவுக்கு வெட்டினேன். தங்கச்சி போனில் படம் பிடித்தாள். அந்த வீடியோவை யாருக்கும் காட்டுவதாக இல்லை, ஆனால் இதுவரை எனக்குக் கிடைத்த படப் பாடங்களில் அதுதான் உருப்படியானது. நாற்காலியில் உட்கார்ந்ததும் மார்புத் தகட்டின் கீழ்விளிம்பு தொடையில் முட்டி, மேல்விளிம்பு தொண்டையில் ஏறியது. இருமல் வந்துவிட்டது. கையை மேலே தூக்கினால் தோள்கொம்பு காதில் குத்தியது. காதை விட்டு நகர்த்தி ஒட்டினால் கை தோள் மட்டத்துக்கு மேல் போகவே மறுத்தது. குனிந்து தரையில் கிடந்த பேனாவை எடுக்கச் சொன்னாள் தங்கச்சி. எடுக்க முடியவில்லை. "எதிரி பேனாவைக் கீழே போட்டாலே போதும், நீ தோத்துட்டே" என்றாள்.

அப்புறம்தான் நிஜக் கவசங்களின் படங்களை வேறு கண்ணோடு பார்த்தேன். மார்புத் தகடு தொடைவரை வருவதே இல்லை. தொப்புளுக்குச் சற்று மேலே, உடம்பு இயற்கையாக மடியும் இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே பாவாடை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பட்டைகள். தோளும் அப்படியே: ஒரே கிண்ணம் இல்லை, ஐந்தாறு பட்டைகள் தோல்வாரிலும், நழுவ இடம்விட்ட ரிவெட் ஆணியிலும் கோத்துத் தொங்குகின்றன. இறாலின் முதுகைப் பாருங்கள், அதே வேலைதான். என் அட்டைக் கிண்ணத்தை ஐந்து பட்டையாக அறுத்து நூலால் கோத்தேன். கை முழுதாக மேலே போனது. அன்று ராத்திரி சோறுகூட அந்த அட்டைப் பட்டைகளோடுதான் சாப்பிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

கை தூக்கியபோது அக்குள் திறந்துகொண்டதையும் தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். தகட்டால் மூட முடியாத இடம் அது. அங்கே சிறு இரும்பு வளையங்களைக் கோத்த வளையக் கவசத் துண்டுகளை உள்சட்டையில் தைத்து வைத்திருக்கிறார்கள். படத்தில் வரைய ரொம்ப அழகான இடம். நான் அதுவரை அங்கே வெறும் நிழல் பூசி ஒப்பேற்றியிருந்தேன்.

அடுத்தது மார்பு. பெண் என்று தெரியவேண்டும் என்பதற்காக மார்பின் வடிவத்தைத் தகட்டில் அப்படியே இரண்டாகக் குவித்திருந்தேன். இப்படி வரையாத ஆள் அபூர்வம், நானும் நூறு படம் பார்த்துத்தான் கற்றேன். மாமா வாய் பேசவில்லை. கழித்துப்போட்ட தகட்டில் இரண்டு துண்டு எடுத்தார். ஒன்றைக் கூரை முகடு போல மடித்தார், இன்னொன்றை நடுவில் பள்ளம் விழுகிற மாதிரி. முனை சீவிய கம்பியால் இரண்டிலும் குத்தினார். முகட்டில் கம்பி சறுக்கிப் பக்கவாட்டில் போய்விட்டது. பள்ளத்தில் எங்கே குத்தினாலும் முனை நடுவுக்கு ஓடிவந்து நின்றது. "அந்த எடத்துக்குக் கீழே என்ன இருக்கு?" என்றார். நெஞ்செலும்பு இருக்கிறது. நிஜ மார்புத் தகடுகள் முன்னே புடைத்து, பல சமயம் நடுவில் முகடோடு இருப்பது இதனால்தான். உள்ளே பஞ்சு தைத்த சட்டைக்கும் காற்றுக்கும் இடம் விட்டு வளைவதால் ஆண் பெண் யாருக்கும் அதே வடிவம் பொருந்தும். பெண் என்று காட்ட முகம், நடை, உட்காரும் விதம் எல்லாம் இருக்கிறது. அதை வரையத் தெரியாததால் தகட்டின் தலையில் கட்டியிருக்கிறேன்.

இதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது. திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம், யாங்கோன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்சட்டையையும் சோதிக்க வேண்டுமே என்று ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு அதன்மேல் அட்டையை மாட்டினேன். பத்து நிமிஷம். அட்டை வேர்வையில் ஊறித் தளர்ந்தே போய்விட்டது. நான் அட்டைக்கு முந்தி.

அலையாத்தியின் தகட்டை அப்போதுதான் கழற்ற முடிவு செய்தேன். ஐரோப்பியக் கவசம் தவறு என்றில்லை, அது அந்த ஊர்க் குளிருக்கும் குதிரைக்கும் அங்கிருந்த பட்டறைகளுக்கும் பிறந்தது. சேறு, ஆறு, வேர்வை என்று வாழ்கிறவள் அதைப் போட்டால், படகிலிருந்து விழுந்த நிமிஷமே கதை முடியும். இந்தியாவில் வெயிலில் சண்டை போட்டவர்கள் பஞ்சு வைத்துத் தைத்த கனத்த மேலங்கியையே கவசமாகப் போட்டிருக்கிறார்கள். முகலாயர் காலத்தில் சார் ஆயினா என்று ஒன்று, நாலு கண்ணாடி என்று பொருள்: மார்பு, முதுகு, இரு விலா ஆகியவற்றுக்கு நாலே தகடு, வாரால் கட்டிக்கொள்வது. அலையாத்திக்கு இப்போது தைத்த மேலங்கியும் மார்பில் ஒற்றைத் தகடும்தான். வாரின் முடிச்சை இழுத்தால் தகடு தண்ணீரில் போய்விடும், அவள் போகமாட்டாள். அந்த முடிச்சை இடது விலாப் பக்கம், கைக்கு எட்டும்படி வரைந்திருக்கிறேன். யாரும் கவனிக்கமாட்டார்கள், ஆனால் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

தோல் சட்டையில் ஆணி அடித்த கவசம் போடலாமே என்று ஒரு நண்பன் சொன்னான். வீடியோ கேம்களில் அது நிறைய வரும். ஆனால் பழைய ஓவியங்களில் துணிமேல் வரிசையாகத் தெரியும் ரிவெட் தலைகள், உள்ளே மறைந்திருக்கும் சிறு இரும்புத் தகடுகளைப் பிடித்துக்கொண்டிருப்பவை. தகட்டை மறந்துவிட்டு ஆணியை மட்டும் எடுத்துக்கொண்டோம். வேண்டாம் என்றுவிட்டேன்.

முதுகு வாளையும் விடவில்லை. ஒரு மீட்டர் பிவிசி குழாய், அதற்கு உறையாகக் கொஞ்சம் பெரிய குழாய், கயிற்றால் முதுகில் கட்டினேன். கை முழுதாக நீண்ட பிறகும் குழாயில் பாதி உறைக்குள்ளேயே இருந்தது. உருவியதாவது பரவாயில்லை, திரும்பச் சொருக முயன்றபோது என் பிடரியில் நானே அடித்துக்கொண்டேன். தாவை இங்கே மர உறையோடு கயிறு கட்டித் தோளில் மாட்டுவார்கள். அந்தக் கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டு, உறையை விலாவுக்கு இழுத்து இடக்கையால் பிடித்துக்கொண்டு உருவினேன், சுலபமாக வந்தது. படத்தில் அந்தக் கயிறு சிவப்பு. சாம்பல் நிற மேலங்கியின் குறுக்கே ஓடுகிறது. நாலு ராத்திரி நிலா வெளிச்சம் செய்யாததை அந்த ஒரு கோடு செய்தது.

கேடயத்துக்குப் பாகன் அரக்குப் பாத்திரங்கள் கைகொடுத்தன. மூங்கில் பின்னல்மேல் தித்ஸி மரப் பாலைப் பூசிப் பூசி உலர்த்துவது. எடை இல்லை, தண்ணீர் புகாது, கறுப்பும் சிவப்புமாக நிறமும் தயார். இப்படிக் கேடயம் யாராவது செய்தார்களோ இல்லையோ, அலையாத்தி செய்வாள்.

இவ்வளவும் ஆன பிறகு படம் நியாயமாக இருந்தது. ஆனால் சப்பென்று இருந்தது. இரண்டு நாள் அதைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை அம்மாவோடு முனீஸ்வரன் கோயிலுக்குப் போனபோது சாமி கையில் இருந்த அருவாளைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். (கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது.) அந்த அகலத்துக்கு மனிதக் கை தாங்காது. ஆனால் அது வெட்ட வந்த அருவாள் இல்லை, தெருமுனையில் வருகிறவன் பார்த்துவிட்டு யோசிக்க வேண்டிய அருவாள். செய்த சிற்பிக்கு நிஜ அருவாளின் எடை தெரியாதா என்ன? தெரிந்தே பெருக்கியிருக்கிறார். நான் தெரியாமல் பெருக்கினேன், வித்தியாசம் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து தாவின் நுனியை மட்டும் நிஜத்தைவிட அகலமாக்கினேன். ஒரே ஒரு பொய். மற்றதெல்லாம் மடிகிறது, உருவ வருகிறது, மிதக்கிறது. கைப்பிடியில் பெருவிரல் படும் இடத்தில் அரக்கைத் தேய்த்து மரம் தெரிய விட்டேன். மாமாவின் சுத்தியல் காம்பில் அந்த இடத்தில்தான் பள்ளம் இருக்கிறது.

போன ஞாயிறு கொண்டுபோய்க் காட்டினேன். இந்த முறை ரொம்ப நேரம் பார்த்தார். முடிச்சைக் கண்டுபிடித்துவிட்டார், கேட்காமலேயே தலையாட்டினார். தேநீர் வந்தது. பாதி குடித்துவிட்டு, "எல்லாம் சரி மாப்ளே. தலைக்கு?" என்றார்.

தலையில் ஒன்றும் இல்லை. காற்றில் பறக்கும் கூந்தல்தான். நிஜத்தில் காசில்லாத சிப்பாய்கூட முதலில் தேடியது தலைக்கவசத்தைத்தான் என்று எனக்கும் தெரியும், ஆனால் முகத்தை மூட மனசு வரவில்லை. கழற்றிக் கையில் வைத்திருப்பதாக வரையலாம் என்றால் வலக்கையில் தா, இடக்கையில் கேடயம். கடைசியில் படகின் பின்பக்கம் துடுப்போடு ஒரு பொடியனை உட்காரவைத்து, அவன் மடியில் தலைக்கவசத்தைக் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்குப் பென்சில் கோடுதான். பொடியனுக்குக் கைலி கட்டிவிடுவதா, கால்சட்டையா என்று தங்கச்சியும் நானும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.