பம்ப் மாட்டப் போன ஊர்கள்

கோவையிலிருந்து போர்வெல் பம்புகள் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன. பம்ப் போன இடத்துக்குப் பின்னாலேயே சர்வீஸ் ஆளும் போயாக வேண்டும். அப்படித்தான் எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா, உகாண்டா, ருவாண்டா என்று எனக்குச் சுற்ற வாய்த்தது. கிளம்பும்போது அலுவலகத்தில் எல்லோரும் ஒரே புத்திமதிதான் சொல்வார்கள்: "அங்க எதுவும் நேரத்துக்கு நடக்காது, பொறுமையா இரு." ஐந்து நாடுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டும் இந்தப் பேச்சு இப்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நாம் வேலை என்றே நினைக்காத சில காரியங்களை அங்கே வேலையோடு சேர்த்துக் கணக்குப் பண்ணுகிறார்கள், அவ்வளவுதான்.

தான்சானியாவில் பம்ப் ஹவுஸுக்குள் நுழைந்ததும் பேனலைத் திறக்கப் போகக் கூடாது. காலைப் பொழுது எப்படி, வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, பயணம் எப்படி என்று விசாரிப்பு ஒரு சுற்று வர வேண்டும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலும் முதல் பதில் 'நல்லது'தான். அப்புறம் மெதுவாக விஷயம் வரும். இதெல்லாம் முடிந்தால்தான் மோட்டார் பேச்சு.

டொடோமா பக்கம் ஒரு பம்பிங் ஸ்டேஷன். என்னைக் கூட்டிப்போனவர் அந்த வட்டாரத்துக்கே பொறுப்பான இன்ஜினியர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கேட்டைத் திறந்தவர் தலை நரைத்த காவலாளி. இன்ஜினியர் வண்டியை விட்டு இறங்கி, லேசாகக் குனிந்து 'ஷிகாமூ' என்றார். காவலாளி நின்ற இடத்திலேயே 'மரஹபா' என்று ஏற்றுக்கொண்டார். இளையவர் முதலில் சொல்ல வேண்டும், மூத்தவர் பதில் தர வேண்டும். பதவிக்கு அதில் இடமில்லை. இரண்டு நிமிடம் கழித்து, ராத்திரிப் பதிவை ஒழுங்காக எழுதவில்லை என்று அதே காவலாளியை அதே இன்ஜினியர் கடிந்துகொண்டதும் நடந்தது. நம்மூர் ஃபேக்டரி கேட்டில் மேனேஜர் முந்திக்கொண்டு வாட்ச்மேனுக்கு வணக்கம் வைத்து நான் பார்த்ததில்லை. வயதுக்கு மரியாதை தருகிறவர்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். சம்பளத்தையும் பார்த்துவிட்டுத்தான் தருகிறோம்.

எத்தியோப்பியாவில் கடிகாரமே வேறு. மணியை நள்ளிரவிலிருந்து எண்ணாமல் விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நமது காலை 7 அங்கே பகல் 1 மணி. மாலை 7 மறுபடியும் 1 மணி, இரவுக் கணக்கில். சுவாஹிலி பேசும் இடங்களிலும் வாய்ப்பேச்சில் இப்படித்தான் எண்ணுவார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிப்பதால் அது வசதிதான். ஜாதகத்தில் சூரிய உதயத்திலிருந்து எண்ணி உதயாதி நாழிகை எழுதுகிற ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? தேதியும் அவர்களுக்குத் தனி. 30 நாளாக 12 மாதம், கடைசியில் ஐந்து அல்லது ஆறே நாளுக்குப் 'பாகுமே' என்று பதிமூன்றாவது மாதம். வருடம் நம்மைவிட ஏழெட்டு பின்னால் ஓடும். 2000-ம் ஆண்டு பிறந்ததை அவர்கள் கொண்டாடியது நமது 2007 செப்டம்பர் 12-ல்.

அங்கே ஹவாசா நகருக்கு அருகே ஒரு மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகி, தானாக நின்றுகொண்டிருந்தது. லாக் புக்கில் இரவு 1.10, இரவு 1.30, இரவு 2 என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். நம் கணக்கில் படித்தால் ஊரே தூங்கும் நேரம், வோல்டேஜ் குறைய வழியில்லை, கோளாறு மோட்டாரில்தான் என்று போர்வெல்லிலிருந்து அதை மேலே தூக்க வேண்டும். ஆறைக் கூட்டிப் படித்தால் மாலை 7 முதல் 8. வீடுகளில் இஞ்செரா என்ற தோசை மாதிரியான புளித்த அப்பம் சுடும் மின்சாரக் கல் சூடேறும் வேளை, வோல்டேஜ் இறங்கலாம். 'மிதாத்' என்கிற அந்தக் கல் ஒன்றே மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். மீட்டரை மாட்டிவிட்டு மாலைக்காகக் காத்திருந்தோம்.

காத்திருந்த நேரத்தில் ஆபரேட்டர் வீட்டில் காபி. தரையில் பச்சைப்புல் பரப்பி, கொட்டையைக் கழுவி, எதிரிலேயே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்துக்கும் காட்டிவிட்டு, இடித்து, 'ஜெபெனா' என்ற கழுத்து நீண்ட மண் கூஜாவில் கொதிக்கவைக்கிறார்கள். கொறிக்கப் பாப்கார்ன். அபோல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று. அதே தூளில் மறுபடி மறுபடி தண்ணீர் விடுவதால் மூன்றாவது நீர்த்துத்தான் இருக்கும். ஆனாலும் நடுவில் எழுந்து போவது அழகல்ல. இரண்டாவது சுற்றில் ஆபரேட்டர், முன்பு வந்த யாரோ ஓவர்லோட் ரிலே (ஆம்பியர் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) செட்டிங்கைக் குறைத்துவிட்டுப் போனதைச் சொன்னார். பேனல் முன்னால் நின்று நான் துருவித் துருவிக் கேட்டபோது சொல்லாத விஷயம். ஏழு மணிக்கு வோல்டேஜ் இறங்கியது, ஆம்பியர் ஏறியது, ரிலே தட்டியது. செட்டிங்கைச் சரிசெய்து, டேங்கை மதியத்திலேயே நிரப்பும்படி டைமரை மாற்றினோம். மோட்டார் போர்வெல்லுக்குள்ளேயே இருந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். கறி, முட்டை, பால் எதுவும் கிடையாது. அன்று கேட்காமலே பருப்பும் கீரையும் வரும்.

கென்யாவைப் பற்றிச் சொல்ல, போன் வழியே பணம் அனுப்பும் எம்-பெசா போதும். 2007-லேயே வந்துவிட்டது. நம்மூரில் யுபிஐ வந்தது 2016-ல். அங்கே பெட்டிக்கடையில் போனிலேயே பணம் கொடுத்துப் பழகிவிட்டு, ஊருக்குத் திரும்பி பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட்ட காலம் ஒன்று இருந்தது. ருவாண்டாவுக்கு முறுக்கு கொண்டு போகிறவர்கள் பிளாஸ்டிக் கவரில் கட்ட வேண்டாம், 2008 முதலே தடை. மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை 8 முதல் 11 வரை 'உமுகண்டா', ஊர்ப் பொதுவேலை. கடைகள் மூடியிருக்கும், சாலையில் வண்டி இருக்காது. அன்று பார்த்துக் கமிஷனிங், அதாவது பம்பை முதன்முதலாக ஓட்டிக் காட்டுவதை, வைக்கிற மேலாளர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

உகாண்டாதான் எனக்கு இன்னும் பிடிபடாதது. அந்த நாட்டின் புகாண்டா பகுதிக் கிராமங்களில் பெண்கள் வணக்கம் சொல்லும்போது முழந்தாளிடுவார்கள். சாப்பிடும் முன் கை கழுவக் கூஜாவில் தண்ணீர் கொண்டுவரும் பெண்ணும் தரையில் முட்டி போட்டு ஊற்றுவார். நான் பதறி எழுந்து நிற்பேன். எங்கள் ஃபிட்டர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "நீங்க நின்னா அவங்க என்ன பண்ணுவாங்க? உட்காருங்க, சீக்கிரம் முடியும்." பட்டணத்தில் படித்த பெண்களில் சிலர் இந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள், சிலர் மாமியார் வீட்டில் மட்டும் செய்கிறார்கள் என்றும் அவரே சொன்னார். அவர் மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.