என் சுயவிபரக் கோவையில் குறையும் கடிதம்

சாப்பாட்டு மேசையில் உப்புச் சிரட்டைக்குப் பக்கத்தில் இரண்டு மாதமாக ஒரு கொப்பி கிடக்கிறது. மகன் சாதாரண தரத்தில் படித்தபோது வாங்கிய கணக்குக் கொப்பி. முன்பக்கத்திலிருந்து அவன் திரிகோண கணிதம் செய்திருக்கிறான். பின்பக்கத்திலிருந்து நான் என் பென்சனைச் செய்துகொண்டு வருகிறேன். அவனுடைய விடைகளுக்காவது சிவப்புப் பேனாவால் சரி போட ஓர் ஆள் இருந்தது.

நான் தபாற்காரன். ஒட்டுசுட்டானுக்கும் முத்தையன்கட்டுக்கும் இடைப்பட்ட ஊர்கள் சில என்னுடைய சுற்று. 1994இல் பதில் தபாற்காரனாகத் தொடங்கினேன். யாராவது லீவு எடுத்தால் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை அது. நிரந்தர நியமனம் 1999 ஜூனில், மல்லாவியில் கிடைத்தது. அப்போது பாதி வன்னி மல்லாவியில் இடம்பெயர்ந்து கிடந்தது. மரத்துக்கு மரம் ஒரு குடும்பம். கடிதத்தில் எழுதியிருக்கும் ஊர் ஒன்று, ஆள் இருக்கும் மரம் வேறொன்று. முதல் ஐந்து வருட ஓட்டம் என் பென்சன் கணக்கில் இல்லை. நியமனக் கடிதத்தில் இருக்கும் திகதியிலிருந்துதான் எனக்குக் கணக்கு.

இந்த நவம்பரில் எனக்கு 55 வயது முடிகிறது. விரும்பினால் அன்றைக்கே இளைப்பாறலாம், விரும்பாவிட்டால் 60 வரை இருக்கலாம். 60 கட்டாயம். நடுவில் இருக்கும் ஐந்து வருடத்தில் எந்த நாளில் எழுந்து போவது என்பதுதான் கொப்பியில் நான் செய்யும் கணக்கு.

முதலில் 55ஐ வட்டமிட்டேன். பிறகு சம்பளப் பட்டியல் ஞாபகத்துக்கு வந்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தினார்கள். ஆனால் ஒரே தடவையில் அல்ல, மூன்று கட்டமாக: 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி. என் பிறந்தநாளுக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. நல்லூர்த் தேருக்கு யாழ்ப்பாணம் போய், தேர் இழுக்க முன்னரே பஸ் ஏறித் திரும்புவதைப் போன்றது அது. சம்பளப் பகுதியில் இருக்கும் தங்கச்சி, “அண்ணை, சுற்றறிக்கையில் ஓய்வூதியம் பற்றிய பந்தியை எழுத்தெழுத்தாக வாசியுங்கள், அதற்குப் பிறகு திகதியைச் சொல்லுங்கள்” என்றார். 55ஐ வெட்டினேன்.

அடுத்து 2029 ஜூன். அன்றைக்கு என் நிரந்தர சேவைக்கு 30 வருடம். ஓய்வூதிய அட்டவணையை மாதக் கணக்கில்தான் பார்ப்பார்கள். 360 மாதம் முடித்தவனுக்கு அதன் உச்சி வீதம், குறைந்தவனுக்குக் குறைவு. பணிக்கொடை வேறு இருக்கிறது. குறைக்கப்படாத ஓய்வூதியத்தின் 24 மாதத் தொகையை மொத்தமாகக் கையில் தருவார்கள். அதற்கு ஈடாகப் பத்து வருடத்துக்கு மாத ஓய்வூதியம் சற்றுக் குறைந்தே வரும், பிறகு முழுமையாகும். அந்த மொத்தக் காசில் முதலில், அரச ஊழியருக்குத் தரும் இடர்க் கடனின் மிச்சம் போகும். வீட்டுக் கூரைக்கு எடுத்த கடன்.

கொப்பியில் 60ஐயும் எழுதினேன், ஆனால் மனம் வைத்து எழுதவில்லை. அந்த எண்ணை நம்பிக் கெட்ட ஒருவரை எனக்குத் தெரியும். சரியாகச் சொன்னால் அவர் நம்பியது 65ஐ. 2021 நவம்பரில் வாசித்த வரவுசெலவுத் திட்டத்தில் ஓய்வு வயது 65 என்றார்கள். அவருக்கு அப்போது 59. இன்னும் ஆறு வருடச் சம்பளம் இருக்கிறதென்று லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுத்தார். 2022 ஓகஸ்ட் இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் வயது திரும்பவும் 60 ஆனது. அந்த டிசம்பர் 31ஆம் திகதி, 60ஐத் தாண்டியிருந்த எல்லோரோடும் சேர்ந்து அவரும் வீட்டுக்குப் போனார். இப்போது மாங்குளம் சந்தியில் அதே முச்சக்கர வண்டியில்தான் நிற்கிறார். அரசாங்கம் தந்த வயதை அரசாங்கமே எடுக்கலாம் என்று அவரைக் காணும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் தொழிற்சங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் தீவிரமான ஆள் இல்லை, ஆனால் சந்தா தவறியதில்லை, வேலைநிறுத்தம் என்றால் நிற்பேன். 2018 ஜூனில் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றோம். நுவரெலியாத் தபாலகத்தை நான் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அந்தக் கட்டடத்தை விற்கக் கூடாதென்று 2023 நவம்பரில் இரண்டு நாள் என் பை சுவரில் தொங்கியது. 2025 ஓகஸ்டில் ஒரு வாரம். மேலதிக நேரக் கொடுப்பனவு, கைரேகை இயந்திரம் என்று 19 கோரிக்கைகள். வயலில் தேய்ந்த என் விரலில் இயந்திரத்துக்குக் காட்ட ரேகை மிஞ்சியிருக்கிறதா என்று வீட்டில் சிரித்தார்கள். அந்த வாரம் தேநீர்க் கடையில் என் சுற்றைச் சேர்ந்த ஓர் ஐயா என்னைப் பிடித்துக்கொண்டார். “நீங்கள் கேட்பது நியாயமாக இருக்கலாம் தம்பி. என்னுடைய கடிதத்தைத் தந்துவிட்டுக் கேளுங்கள்.” பதில் சொல்லாமல் அவருடைய தேநீருக்கும் சேர்த்துக் காசைக் கொடுத்தேன்.

எனக்குக் கணக்கைத் திருப்பிப் போட்டவர் சங்கத்தின் பழைய ஆள் ஒருவர். 2015 ஒக்டோபரில் 55ஐத் தொட்ட கையோடு இளைப்பாறியவர். மூன்று மாதம் கழித்து, 2016 ஜனவரியில், புதிய சம்பளத் திட்டம் தொடங்கி 2020 வரை கட்டம் கட்டமாக ஏறியது. அவரோடு ஒரே மேசையில் கடிதம் பிரித்து, 2020க்குப் பிறகு போனவருக்கு வேறு ஓய்வூதியம். 2020க்கு முன் இளைப்பாறியவர்களின் தொகையை 2020 சம்பளத்துக்கு ஏற்பத் திருத்துவதற்கு 2025 வரவுசெலவுத் திட்டம் வழி வைத்தது. அதுவும் மூன்று கட்டமாக, ஒவ்வொரு ஜூலையிலும். பத்து வருடம் காத்திருந்த மனிதர் படலையடியில் நின்றபடி சொன்னார்: “உள்ளே இருக்கும்வரை உமக்குச் சங்கம் இருக்கிறது. நீர் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கொழும்பில் கேட்கும். நான் ஒரு நாள் பென்சன் எடுக்காவிட்டால் யாருக்குக் கேட்கும்?”

இரண்டு நாள் இந்தக் கேள்வியை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஓய்வூதியர்களுக்கும் சங்கங்கள் உண்டு, மனுக் கொடுப்பார்கள், கூட்டம் வைப்பார்கள். நிறுத்துவதற்கு அவர்கள் கையில் வேலை இல்லை. அப்படியென்றால் வெளியே போகும் நாளில் என் சுயவிபரக் கோவையில் (பைலில்) எந்தச் சம்பளம் எழுதப்பட்டிருக்கிறதோ, அதோடுதான் மிச்சக் காலம். பாதியில் நிற்கும் சம்பள உயர்வை நடுவில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. 2027 ஜனவரிக்கு முன் எழும்புவதில்லை என்று அன்றைக்கு முடிவானது.

பிறகு ஏன் 2029 வரை இருக்கக் கூடாது? அதற்கு என் முழங்கால்தான் பதில் சொல்ல வேண்டும். 18 வருடம் சைக்கிள், அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள். கிறவல் வீதியில் குலுங்கியதில் இடது முழங்காலின் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பையும் முன்னைய பை இல்லை. கடிதம் மெலிந்துவிட்டது, பொதி கொழுத்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் நீல உறையைக் கண்டு மணியடித்துக்கொண்டு போன காலம் ஒன்று. இப்போது இளம் பிள்ளைகள் இணையத்தில் வாங்கிய சப்பாத்து, வங்கியின் அறிவித்தல், லீசிங் கம்பெனியின் பதிவுத் தபால். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சில வீடுகளில் ஆள் உள்ளே போய்விடுகிறார். நாய் மட்டும் வாலாட்டிக்கொண்டு வரும். மாரியில் வாய்க்கால் பாய்ந்தால் வண்டியை ஒரு கரையில் விட்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். பொழுதுபட்டால் காட்டுப் பக்கத்து வீதியில் யானை.

நான் பெருமையாகச் சொன்னேன்: இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம், முத்தையன்கட்டுத் தண்ணீர், திருப்பி எடுத்து நானே செய்வேன். மனைவி சோற்றைப் போட்டபடியே கேட்டார்: “வரம்பில் நடக்கும்போது மட்டும் உங்கள் முழங்கால் நோகாதா?” நியாயமான கேள்வி. அவர் முன்பள்ளி ஆசிரியை, கேள்வி கேட்டே பழகியவர். உழுவதற்கு இயந்திரம் இருக்கிறது, வெட்டுவதற்கும் இருக்கிறது, தண்ணீர் பார்ப்பதை ஆறுதலாகச் செய்யலாம் என்றேன். அவர் ஒத்துக்கொண்டாரா தெரியாது. இரண்டாம் தடவை சோறு போட்டார்.

திகதியை மாரிதான் சொல்லித் தந்தது. காலபோகத்துக்கு விதைப்பது ஐப்பசியில். அதற்கு முன் வயலைக் கையில் எடுக்க வேண்டும். 2027 ஜனவரியில் மூன்றாம் கட்டம் முடியும். அந்த ஆண்டு நடுவில் மகன் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டை முடிப்பான். ஆகவே 2027 செப்டெம்பர் 30. தபாற்பையோடு எனக்கு இன்னும் ஒரே ஒரு மாரிதான். 30 வருடத்துக்கு 21 மாதம் குறைகிறது. அட்டவணையில் அதற்கு என்ன விழுக்காடு குறையும் என்று பார்த்தேன், மாதத் தொகையில் பார்த்தேன், கொப்பியை மூடினேன். சங்கத்து அண்ணைக்குச் சொன்னபோது, “21 மாதத்தையும் விட்டுவிட்டா போகிறீர்?” என்று கேட்டார். “முழங்காலுக்கு விற்றுவிட்டேன்” என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் என் சுயவிபரக் கோவையைப் பார்க்கப் போனேன். யாராவது இதை வாசித்துவிட்டு இளைப்பாற நினைத்தால் முதலில் அங்கே போங்கள், கொப்பி வாங்குவதைப் பிறகு பார்க்கலாம். வன்னி ஆட்கள் கட்டாயம் போங்கள். 2009இல், யுத்தத்தின் கடைசியில், மாத்தளனில், பதுங்குகுழிக்குள் மனைவி கடதாசிகளைப் பிரித்தார். உரப்பையின் உள்ளே வரும் பொலித்தீன் ஒன்றுதான் இருந்தது. அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் பதிவு, என் நியமனக் கடிதம். மிச்சம் இன்னொரு பையில். நீரேரியைக் கடக்கும்போது தண்ணீர் அவருடைய நெஞ்சளவு. ஒரு கையில் பிள்ளை, தலையில் ஒரு பை. மற்றப் பை எங்கே போனதென்று செட்டிகுளம் முகாமில்கூட நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. உயிரோடு வந்தவர்கள் கடதாசியைப் பற்றிப் பேசுவது வெட்கமாக இருந்தது.

அந்த மற்றப் பையில் போன ஒன்று, சேவையில் என்னை உறுதிப்படுத்திய கடிதம். அதன் பிரதி என் கோவையிலும் இல்லை. யுத்தத்துக்குப் பிறகு புதிதாகத் திறந்த கோவை அது, நான் கொடுத்தவைதான் அதில் இருக்கின்றன. 17 வருடமாகச் சம்பளம் ஒழுங்காக வந்தது, ஆகவே நானும் தேடவில்லை. ஓய்வூதியக் கோவைக்கு அது வேண்டும். 1999இல் என்னோடு நியமனம் பெற்றவர்களில் மூன்று பேரைத் தொலைபேசியில் பிடித்தேன். ஒருவரிடம் அவருடைய கடிதம் பத்திரமாக இருக்கிறது. அதன் இலக்கத்தையும் திகதியையும் வாங்கினேன். அதை வைத்து மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். மனைவி இரண்டு எழுத்துப் பிழை திருத்தினார்.

போன செவ்வாய்க்கிழமை காலையில், கடிதம் பிரிக்க முன்னர், கருமபீடத்துக்கு வெளியே வந்து வரிசையில் நின்று அதைப் பதிவுத் தபாலில் போட்டேன். உள்ளேயிருந்த தங்கச்சி சிரித்துக்கொண்டு பற்றுச்சீட்டைக் கிழித்துத் தந்தார். பதிலும் பதிவுத் தபாலில்தான் வரும், பெறுநர் கையொப்பமிட்டுப் பெற வேண்டும். எங்கள் வீடு என்னுடைய சுற்றில்தான் இருக்கிறது, கடைசிக்கு முதல் வீடு. என்ன வந்திருக்கிறதென்று தெரிந்தாலும் அந்த வீட்டுப் படலை வரைக்கும் அதைப் பிரிக்க எனக்கு உரிமை இல்லை.