ஓடைக்கு இறங்கும் மண்

நீலகிரி மலையின் கேத்தி பள்ளத்தாக்கில் எங்கள் குடும்பத்துக்கு அறுபது சென்ட் சரிவு நிலம் உண்டு. சென்ற ஆண்டு கடைபோகத்தில், அதாவது ஆண்டின் பிற்பகுதிப் பருவத்தில், கேரட் விதைத்த கையோடு, நிலத்தின் கடைக்கோடியில், ஓடைக்குச் சற்று மேலே, மழைநீரோடு வரும் மண்ணைப் பிடிக்க மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினேன். இரண்டே கனமழையில் அது நிரம்பிவிட்டது. இறங்கி அள்ளிப் பார்த்தபோது, பாத்தியில் இருக்க வேண்டிய கருத்த, பொலபொலப்பான மேல்மண்ணும், முந்தைய வாரம் நான் இட்ட உரத்தின் கரையாத குருணைகளும் விரல்களில் ஒட்டின. அன்று என் மனம் மிகவும் கனத்துப்போனது.

உருளைக்கிழங்கும் கேரட்டும் நீர் தேங்கினால் அழுகும் என்பதால், மழைநீர் விரைவாக வடியட்டும் என்று சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பார் (பயிர் நிற்கும் நீண்ட மண்மேடு) பிடிப்பது இங்கே பல தோட்டங்களில் வழக்கம். அழுகல் குறைவது உண்மைதான். ஆனால் இரு பார்களுக்கு இடையிலான ஒவ்வொரு பள்ளமும் வாய்க்காலாகி, வேகமெடுத்த நீரோடு மண்ணையும் இழுத்துச் செல்கிறது. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் கரைந்தால், போவது 4 கன மீட்டர்; நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது. குந்தா அணையில் படிந்திருக்கும் சேற்றில் இப்படி இறங்கிய தோட்டத்து மண்ணும் உண்டு. பாலாடாவில் கேரட் கழுவும் இடங்களிலிருந்து செந்நிறமாக வழியும் நீரும் நம் நிலத்தைத்தான் கொண்டுபோகிறது.

மிஞ்சும் மண்ணும் நலமாக இல்லை. பரிசோதித்ததில் எங்கள் நிலத்தின் கார அமில நிலை (pH) 4.8; ஏழுக்குக் கீழே போகப்போக அமிலம் கூடுதல். நீலகிரி மண் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. மழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துச் செல்ல, அமோனியா வகை உரங்கள் அமிலத்தை மேலும் கூட்டுகின்றன. இத்தகைய மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) பிடித்துவைத்துக்கொள்வதால், பயிருக்குக் கிடைப்பது சொற்பம். இது தெரியாமல் ஒவ்வொரு போகமும் உர மூட்டையைக் கூட்டிக்கொண்டே போனேன். உரம் விற்றவரும் மண்ணைச் சோதித்தீர்களா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. 1961இல் இம்மலையில் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவுக்காகப் பல ஆண்டுகள் கொட்டிய குருணை மருந்துகளும் இதே மண்ணில்தான் விழுந்தன. கிழங்கே பயிரிடாவிட்டாலும் அந்தப் புழுவின் முட்டைகள் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும் என்பதால், மருந்தைவிடப் பயிர்ச் சுழற்சியும், குப்ரி சுவர்ணா போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களுமே நம்பத் தகுந்தவை என்பது என் கருத்து.

உதகையில் 1954 முதல் இயங்கும் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு மையம் வலியுறுத்தி வரும் படிமட்டம் (சரிவைப் படிப்படியாகச் சமன்செய்த நிலம்) அமைக்க எனக்கு இப்போது வசதியில்லை. ஆகவே இந்தக் கார்போகத்தில் சரிவுக்குக் குறுக்கே, நீர் மெல்ல ஓரத்துக்கு வடியும் அளவுக்கு மிகச் சிறிய சாய்வோடு பார் பிடித்தேன், மண்ணைப் பிடித்து நிறுத்த வரப்புகளில் கௌதமாலா புல் நட்டேன், அமிலத்தைக் குறைக்க டாலமைட் என்னும் சுண்ணாம்புப் பொடி இட்டேன். நிலத்தின் கீழ்ப்பகுதியில் பாதியில் காய்கறி எதுவும் போடாமல், மடக்கி உழுவதற்காக லூபின் என்னும் பசுந்தாள் உரப்பயிரை விதைத்திருக்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்து மாமா, "குறுக்கே பிடித்தால் கிழங்கு அழுகிவிடும், தம்பி" என்று எச்சரித்தார். வடகோடியில் மூன்று பார்கள் அழுகவும் செய்தன. அங்கே சாய்வு போதவில்லை, அடுத்த முறை திருத்த வேண்டும். ஆனால் ஜூலை மாத மழைக்குப் பிறகு குழியில் சேர்ந்திருந்த மண் ஒரு சாண் உயரம்கூட இல்லை. அதைக் கூடையில் அள்ளி, மேல் பாத்திகளிலேயே கொட்டிவிட்டேன்.