படிகாரம் என்று பெயரிட்ட அடுக்கு

நகரியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் சென்று, ஒரு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறையில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். கலம்காரித் துணியில் இரண்டு முறைகள் உண்டு. காளத்தியில் மூங்கில் கலம், அதாவது எழுதுகோல் கொண்டு துணியில் வரைவார்கள். மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் தேக்கு அச்சுக்கட்டையால் ஒற்றுவார்கள். இரண்டாவது முறையைக் கணினியோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதல் பருவத்தில், மாணவர்கள் கணினியில் வரைந்ததை மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் லேசர் கொண்டு வெட்டினோம். ஈரம் பட்டதும் பலகை உப்பி, மயிரிழைக் கோடுகள் உதிர்ந்தன. தேக்குக்கு மாறிய பிறகும் அகன்ற பரப்புகளில் சாயம் சீராகப் பதியவில்லை. பயிற்சி அளிக்க வந்திருந்த கட்டை செதுக்கும் மேஸ்திரி, "காத்து வெளியே போக வழி வேணும் சார், இல்லேன்னா திட்டுத்திட்டாத்தான் விழும்" என்று தெலுங்கு கலந்த தமிழில் சொல்லி, கட்டையில் துளைகள் போட்டுக் கொடுத்தார்.

கருவியின் குறைகளை இப்படித் திருத்திவிட முடிந்தது. என் பாடத்திலேயே இருந்த பிழை பிறகுதான் தெரிந்தது. கணினித் திரையில் ஒரு நிறத்துக்கு ஓர் அடுக்கு (லேயர்) என்று பழக்கியிருந்தேன். ஆனால் கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், இரும்பையும் வெல்லத்தையும் புளிக்க வைத்த காசிமி பட்ட இடம் உடனே கறுக்கிறதே ஒழிய, படிகாரம் ஒற்றிய இடம் ஏறக்குறைய கண்ணுக்கே தெரிவதில்லை; சாயவேரோ மஞ்சிட்டியோ இட்டுக் கொதிக்க வைக்கும்போதுதான் அங்கே சிவப்பு எழுகிறது. அதாவது நாம் அச்சிடுவது சிவப்பை அல்ல, சிவப்பு வந்து பற்றப்போகும் இடத்தை. இதை அறியாமல் திரையில் பார்த்த சிவப்பையே எதிர்பார்த்த மாணவர்கள், படிகாரத்தை ஒற்றியபின் துணியைத் துறையின் தொட்டியிலேயே அலசினார்கள். மிகுந்த படிகாரம் தேங்கிய நீரில் கரைந்து துணி முழுவதும் பரவியதால், கொதித்து எடுத்தபோது வெள்ளையாக இருக்க வேண்டிய பின்புலமெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. ஓடும் நீர் ஏன் வேண்டும் என்பதை அந்தத் துணிதான் எங்களுக்குக் கற்றுத் தந்தது. தேவாரம் முகலி என்று பாடும் சுவர்ணமுகி ஆற்றிலோ ஆண்டின் பல மாதங்கள் மணல்தான். ஆகவே குழாய் நீரைச் சரிவில் ஓடவிட்டு அலசப் பழகினோம்.

கணினி இத்தொழிலைக் கெடுக்கும் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. கிரேபே, லீபர்மான் என்ற வேதியியலாளர்கள் 1868-ல் ஜெர்மனியில் செயற்கையாக உருவாக்கிய அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தை நம் சாயக்காரர்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பழைய கட்டைகளைப் படமெடுத்து, பாலியெஸ்டரில் அச்சடித்துக் கலம்காரி என்று விற்பதுதான் என்னை வருத்துகிறது.

இப்போது கோப்புகளில் சிவப்பு, கறுப்பு என்ற பெயர்களே இல்லை. அடுக்குகளுக்குப் படிகாரம், காசிமி என்றே பெயரிடச் சொல்கிறேன். இரண்டும் கலந்த இடம் பழுப்பாகும் என்பதால், அதற்கெனத் தனி அடுக்கு உண்டு. போன மாதம் ஒரு மாணவி கொடுத்த கோப்பில், படிகாரத்துக்கும் சாயத்துக்கும் நடுவே ஓர் அடுக்கு காலியாக இருந்தது. மறந்துவிட்டாளோ என்று கேட்டேன்.

"இல்ல சார், அது அலசுற தண்ணி" என்றாள்.

வரும் பருவத்தின் பாடத்தில் அந்தக் கோப்பை அப்படியே சேர்த்திருக்கிறேன்.