சீன வம்சங்களை வரிக் கணக்கிலிருந்து படித்த அனுபவம்

முதுகலை வரலாறு படிப்பவர்களுக்குச் சீன வரலாற்றுத் தாள் என்றாலே ஒரு கலக்கம் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக் கதை, பத்துப் பன்னிரண்டு வம்சங்கள், வாயில் நுழையாத பெயர்கள். கைடுகளைப் புரட்டினால் எல்லா வம்சத்துக்கும் ஒரே கதைதான் இருக்கும். திறமைசாலி ஒருவர் தொடங்குவார், நடுவில் ஒரு பொற்காலம் வரும், கடைசி அரசர் சுகபோகத்தில் மூழ்குவார், அரண்மனை அண்ணகர்கள் (ஆண்மை நீக்கப்பட்ட பணியாளர்கள்) ஆட்டிப்படைப்பார்கள், குடியானவர்கள் கிளர்ந்தெழுவார்கள், வம்சம் விழும். ஹானுக்கு எழுதிய விடையில் பெயரை மட்டும் மாற்றினால் மிங்குக்கும் பொருந்திவிடும். ஹான் ஏன் விழுந்தது, மிங் ஏன் விழுந்தது என்பதற்கு அந்த விடையில் ஒன்றுமே இருக்காது.

நான் இந்தத் தாளை மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு படித்தேன். நிலக் கணக்கு யார் கையில் இருந்தது? வரி எதன் மேல் விழுந்தது? படைக்குச் சோறு எங்கிருந்து வந்தது? வம்சத்துக்கு ஒரு தாள் எடுத்து, மேலே தொடக்க ஆண்டும் முடிந்த ஆண்டும் எழுதி, கீழே இந்த மூன்றுக்கும் பதில் எழுதுவேன். அரசர்களின் பெயர் அதற்குப் பிறகுதான். சின், ஜின், சிங் என்று காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்கள் தேர்வறையில் குழப்பும் என்பதால், பெயர் வரும் இடத்திலெல்லாம் ஆண்டையும் சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.

சின் வம்சத்தில் தொடங்கினால் இந்த முறை சட்டென்று பிடிபடும். கி.மு. 221இல் சின் ஷி ஹுவாங் மற்ற நாடுகளை எல்லாம் வென்று ஒன்றாக்கினார் என்று எல்லோரும் எழுதுவார்கள். அந்த வெற்றிக்கு அடித்தளம் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே ஷாங் யாங் என்ற அமைச்சர் போட்டது. குடும்பங்களை ஐந்தைந்தாகவும் பத்துப்பத்தாகவும் பிணைத்துப் பதிவு செய்தார். பிறப்பால் வந்த பட்டங்களுக்குப் பதிலாகப் போர்க்களச் சாதனைக்குப் பட்டம் கொடுத்தார். யார் எங்கே இருக்கிறார்கள், யார் வரி கட்ட வேண்டும், யார் படைக்கு வர வேண்டும் என்பது அரசின் கையில் இருந்தது. எடை, அளவை, எழுத்து, வண்டி அச்சின் அகலம் என எல்லாவற்றையும் ஒரே சீராக்கியதும், நாட்டை 36 நிர்வாகப் பிரிவுகளாகப் பிரித்ததும் இதன் தொடர்ச்சிதான்.

அதன் வீழ்ச்சியைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. கி.மு. 209இல் சென் ஷெங், வூ குவாங் இருவரும் எல்லைக் காவலுக்கு ஆட்களை அழைத்துப் போகிறார்கள். மழையால் தாமதமாகிறது. தாமதத்துக்குத் தண்டனை மரணம் என்பதால் கிளர்ச்சி செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதுகிறார். அவர் எழுதியது சின்னுக்கு அடுத்து வந்த ஹான் காலத்தில். 1975இல் ஷுய்ஹுதி என்ற இடத்தில் ஒரு கல்லறையிலிருந்து சின் காலச் சட்டங்கள் எழுதிய மூங்கில் பட்டைகள் கிடைத்தன. அதில் அரசு வேலைக்கு ஆட்கள் தாமதமாக வந்தால் கண்டிப்பு, அதற்கு மேல் போனால் ஒரு கேடயமோ ஒரு கவசமோ அபராதம் என்றுதான் இருக்கிறது. மழை பெய்தால் வேலையே தள்ளுபடி. எல்லைக் காவலுக்கு விதி வேறாக இருந்திருக்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனாலும் இந்த ஒரு சான்று போதும், விழுந்த வம்சத்தின் கதையை அடுத்து வந்த வம்சத்தின் எழுத்தர்கள் எழுதினார்கள் என்பதை மனதில் பதிக்க. கடைசி அரசர் கெட்டவராக இருந்தால்தான் ஆள வானம் தந்த உரிமையான ‘வானத்தின் ஆணை’ புதியவர் கைக்கு மாறியது என்று சொல்ல முடியும். இதை விடையில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள், மற்ற விடைகளிலிருந்து உங்களுடையது தனித்துத் தெரியும்.

ஹானில் எல்லாவற்றையும் விட எனக்குப் பயன்பட்டது கி.மு. 81இல் நடந்த உப்பு-இரும்பு விவாதம். பேரரசர் வூ, வடக்கு எல்லையில் சியோங்னு என்ற நாடோடிகளோடு நடத்திய போர்களுக்குப் பணம் தேடி உப்பையும் இரும்பையும் அரசுடைமை ஆக்கியிருந்தார். அவர் இறந்த பிறகு, அது தேவையா என்று கன்ஃபூசிய அறிஞர்களும் அரசு அதிகாரிகளும் அரசவையில் மோதினார்கள். நானும் என் வகுப்புத் தோழியும் ஆளுக்கொரு பக்கம் எடுத்து இதைப் பேசிப் பார்த்தோம். எல்லைக் காவலுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று அவள் கேட்க, அரசு செய்யும் இரும்புக் கருவி தரமில்லாமல் குடியானவன் படும் பாட்டை நான் சொல்ல, கைடில் இரண்டு வரியாகக் கிடந்த விஷயம் உயிரோடு எழுந்து வந்தது. யாராவது ஒருவரைச் சேர்த்துக்கொண்டு நீங்களும் செய்யுங்கள். பிற்கால ஹானில் நிலம் பெருங்குடும்பங்களின் கைக்குப் போனது, அவர்களிடம் அடைக்கலம் புகுந்த குடியானவர்கள் அரசின் பதிவேட்டிலிருந்து மறைந்தார்கள், 184இல் மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சியை அடக்கப் படை திரட்டிய தளபதிகளே நாட்டைப் பங்குபோட்டார்கள் என்று தொடர்ந்து எழுதினால் 220 வரை வந்துவிடலாம்.

மூன்று ராஜ்யங்களிலிருந்து சுய் வரை உள்ள காலத்துக்கு ஒரு காலக்கோடு போதும். 485இல் வட வெய் அரசு கொண்டுவந்த, குடியானவர்களுக்கு அரசே நிலம் பங்கிட்டுக் கொடுக்கும் சமநில முறையையும், தெற்கையும் வடக்கையும் இணைக்கச் சுய் வெட்டிய பெருங்கால்வாயையும் மட்டும் நன்றாகப் படியுங்கள். இரண்டும் இல்லாமல் தாங் இல்லை.

தாங் வம்சத்தில் நிறைய நேரம் செலவிடுங்கள். இந்த முறையின் முழுப் பலனும் இங்கேதான் தெரியும். 755இல் அரசுக் கணக்கில் இருந்த மக்கள் தொகை ஏறக்குறைய 5.29 கோடி. தாங் தளபதி ஆன் லூஷான் தொடங்கிய கிளர்ச்சி 763இல் முடிந்த பிறகு 764இல் எடுத்த கணக்கில் 1.69 கோடி. மூன்றரைக் கோடிப் பேர் செத்தார்கள் என்று இணையத்தில் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அதை அப்படியே விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். போரிலும் பஞ்சத்திலும் ஏராளமானோர் மாண்டது உண்மை. ஆனால் குறைந்த எண்ணிக்கையில் பெரும்பங்கு அரசின் பதிவேட்டிலிருந்து நழுவியவர்கள். வடகிழக்குத் தளபதிகள் கணக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். ஆளைத் தெரியாத அரசு ஆளுக்கு வரி போட முடியாது. அதனால்தான் 780இல் அமைச்சர் யாங் யென் சொத்தையும் நிலத்தையும் வைத்துக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வாங்கும் இருமுறை வரியைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே 758இல் உப்பு அரசின் ஏகபோகமாகி, கருவூலத்தின் பெரிய தூணாகிவிட்டது. உப்பு விலை ஏற ஏறக் கள்ளக் கடத்தல் பெருகியது. கடத்தல்காரர்கள் ஆயுதக் கும்பல்களாக வளர்ந்தார்கள். 881இல் தலைநகர் சாங்ஆனைப் பிடித்த ஹுவாங் சாவ் யார்? உப்புக் கடத்தியவர். 907இல் தாங்கை முடித்துவைத்த ஜூ வென் அவரிடம் தளபதியாக இருந்தவர். வம்சத்தை நூறாண்டுக்கு மேல் காப்பாற்றிய அதே வருவாய் அதைக் கவிழ்த்த கூட்டத்தையும் வளர்த்தது. இந்தத் தொடர்பைக் கண்ட நாளில்தான் எனக்குச் சீன வரலாறு பிடித்துப்போனது.

சொங் வம்சத்தைப் பலவீனமானது என்று ஒரே வரியில் ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1005 ஷான்யுவான் உடன்படிக்கையில் வடக்கே ஆண்ட கித்தான்களுக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் தேல் (சீன எடை அளவு) வெள்ளியும் இரண்டு லட்சம் சுருள் பட்டும் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள் என்பது அவமானமாக எழுதப்படுகிறது. போர் நடத்த ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. நூறாண்டுக்கும் மேல் அந்த எல்லையில் பெரும்போர் இல்லை. அந்த அமைதியில்தான் சம்பா நாட்டிலிருந்து (இன்றைய வியட்நாம்) வந்த நெல் வகை பரவியது, 1024இல் அரசே காகிதப் பணம் வெளியிட்டது, பி ஷெங் அசையும் அச்செழுத்தைச் செய்தார். நிலவரியை மட்டும் நம்பாமல் வணிகத்திலிருந்தும் கடலிலிருந்தும் பெரிய வருவாய் பெற்ற அரசு இது. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சென்றது இந்த சொங் அரசவைக்குத்தான். சுவான்சோ துறைமுகத்தில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு மங்கோலியரின் யுவான் ஆட்சியில் வெட்டப்பட்டது என்றாலும், அதற்குப் பின்னால் இருக்கும் வணிகம் சொங் காலத்தில் வளர்ந்தது. 1069இல் அமைச்சர் வாங் ஆன்ஷி தொடங்கிய சீர்திருத்தங்களைத் தனியாகப் படியுங்கள். பயிர்க் கடன் திட்டமும் அதற்கு சிமா குவாங் தரப்பின் எதிர்ப்பும் கட்டுரை வினாவுக்கு நல்ல தீனி. 1127இல் தலைநகர் கைஃபெங் வடகிழக்கிலிருந்து வந்த ஜுர்சென்களிடம் போனதும், 1279இல் யாமென் கடற்போரில் மங்கோலியரிடம் சொங்கின் கதை முடிந்ததும் காலக்கோட்டில் இருக்கட்டும்.

யுவானுக்கு அளவு மீறி அச்சிட்ட காகிதப் பணம், 1344 மஞ்சள் ஆற்று வெள்ளம், 1351 செந்தலைப்பாகைக் கிளர்ச்சி என்ற வரிசை போதும்.

மிங்கில் கடற்படைத் தலைவர் ஜெங் ஹோவின் கடற்பயணங்களையே எல்லோரும் விரித்து எழுதுகிறார்கள். நான் 1381 மஞ்சள் பதிவேட்டிலிருந்து தொடங்குவேன். மிங்கை நிறுவிய ஜூ யுவான்ஜாங் ஊர் ஊராகக் குடும்பங்களையும் சொத்தையும் பதிய வைத்தார், படைவீரர்கள் தாங்களே பயிரிட்டு உண்ண நிலம் கொடுத்தார். காலப்போக்கில் பதிவேடு பழசாகிப்போனது, படை நிலங்கள் அதிகாரிகள் கைக்கு மாறின. 1581இல் அமைச்சர் ஜாங் ஜூஜெங் பல வரிகளை ஒன்றாக்கி வெள்ளியில் வாங்கும் முறையை நாடெங்கும் பரப்பினார். 1618க்குப் பிறகு மஞ்சூரிய எல்லைப் போருக்காகக் கூடுதல் வரிகள் வந்து விழுந்தன. செலவைக் குறைக்க 1629இல் அஞ்சல் நிலையங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். வடமேற்கு மாகாணமான ஷான்சியில் பஞ்சம் தலைவிரித்தாடிய நேரம் அது. அப்படி வேலை இழந்தவர்களில் ஒருவர் லி சிசெங். 1644 ஏப்ரலில் பெய்ஜிங்கைப் பிடித்தவர் அவர்தான். கடைசிப் பேரரசர் சோங்ஜென் உழைப்பாளி, சுகபோகி அல்ல. கைடு சொல்லும் கதை இங்கே பொருந்தாது என்பதை விடையில் துணிந்து எழுதுங்கள்.

சிங் வம்சத்தின் வீழ்ச்சிக்கு 1839 அபினிப் போரிலிருந்துதான் பலர் தொடங்குகிறார்கள். 1712க்குப் போங்கள். அந்த ஆண்டு காங்ஷி பேரரசர் தலைவரியின் மொத்தத் தொகையை இனி உயர்த்துவதில்லை என்று நிறுத்திவிட்டார். அப்போது அது மக்களுக்கு நல்லது. ஆனால் மக்கள் தொகை அடுத்த நூறாண்டில் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகியபோது, அரசின் தலைவரி வருவாயும் ஆட்களும் பழைய அளவிலேயே நின்றன. தைப்பிங் கிளர்ச்சி (1850-1864) வந்தபோது மத்திய அரசிடம் பணமில்லை. 1853 முதல் மாகாணங்களே லிகின் என்ற வழிச்சுங்கம் வசூலித்தன. செங் குவோஃபான், லி ஹோங்ஜாங் போன்ற மாகாணத் தலைவர்கள் அதில் சொந்தப் படை வளர்த்தார்கள். போரில் தோற்று 1895இல் ஜப்பானுக்கு 20 கோடி தேல், பாக்சர் கிளர்ச்சிக்குப் பின் 1901இல் வல்லரசுகளுக்கு 45 கோடி தேல் இழப்பீடு. 1905இல் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் அரசுத் தேர்வு முறையும் போனது. அதோடு படித்த குடும்பங்களை அரசோடு கட்டிவைத்த கயிறு அறுந்தது. 1911இல் ரயில் பாதைகளை அரசுடைமை ஆக்கப்போய் சிச்சுவான் கொதித்தது, அக்டோபர் 10 வூசாங்கில் படையே எழுந்தது, 1912 பிப்ரவரி 12இல் முடிதுறப்பு.

எழுதிப் பழக ஒரு தலைப்பு சொல்கிறேன். தாங், சிங் இரண்டும் ஒரு மாபெரும் கிளர்ச்சியில் தப்பின, இரண்டும் அதற்கு விலையாக வரியையும் படையையும் மாகாணத் தளபதிகளிடம் விட்டன. ஆனால் 763க்குப் பிறகு தாங் 144 ஆண்டு நீடித்தது, 1864க்குப் பிறகு சிங் 48 ஆண்டுதான். ஏன்? பெருங்கால்வாய் வழியாகத் தெற்கிலிருந்து வந்த தானியம், உப்பு வருவாய், இழப்பீட்டுக்கு அடகுபோன சுங்க வருமானம், வேறு வகை ஆட்சியைக் கற்பனை செய்யத் தெரிந்த புதிய படிப்பாளிகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து எடைபோடுங்கள். முதலில் கைடைப் பார்க்காமல் ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதிய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு ஆண்டுகளைச் சரிபாருங்கள்.