அறுக்கவா, எடுக்கவா?

"சார், அறுக்கவா, வீடியோ எடுக்கவா?" போனில் அந்தத் தம்பி கேட்டது இவ்வளவுதான். திருக்கை வலையில் ஆவுளியா, அதாவது கடற்பசு, உயிரோடு. "மொதல்ல எடுத்துருங்க தம்பி, பெறகு அறுங்க" என்றேன்.

காரணம் இருந்தது. பெரிய கண் வலையில் ஆவுளியா புரண்டு புரண்டு சுற்றிக்கொள்ளும். ஓரிடத்தில் அறுத்தால் போதாது. நாலைந்து இடத்தில் கிழிக்க வேண்டும், சில நேரம் மேல்கயிற்றையும். அந்த வலைத்துண்டு அதோடு போச்சு. படம் இருந்தால் இழப்பீட்டு மனு நகரும். இல்லையென்றால் ஆதாரம் கேட்டே நிற்கும். ஒருவருக்குப் பணம் வராவிட்டால் அடுத்த வள்ளத்திலிருந்து போனே வராது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு என்ற பயம் வேறு. செத்ததைச் சத்தமில்லாமல் கடலிலேயே விட்டுவிடத்தான் தோன்றும். இந்தக் கணக்கு தப்பென்று இன்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆவுளியா மீனல்ல. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். மூக்குத்துளை இரண்டும் மூஞ்சியின் மேல்பக்கம். நீருக்குள் மூடி, மேலே வந்ததும் திறக்கும். வலையில் திமிறும்போது இருக்கிற மூச்சும் சீக்கிரம் தீரும். அந்த வீடியோ நாற்பது நொடி. ஒவ்வொரு தடவையும் நான் பார்ப்பது மூக்கைத்தான். ஒரே ஒருமுறைதான் திறக்கிறது. அறுத்ததும் கீழே இறங்கிப் போனதாகச் சொன்னார்கள். நீந்திப் போனதா, மூழ்கிப் போனதா? இரண்டையும் மாற்றி மாற்றி நம்பியிருக்கிறேன்.

உயிருள்ள விலங்குகளில் யானைக்கு நெருங்கிய உறவு இந்தக் கடற்பசு இனம். வளர்ந்த ஆணுக்குச் சிறு தந்தம்கூட உண்டு. யானை 22 மாதம் வரை சுமக்கும்; இது 13 முதல் 15 மாதம். ஈற்றுக்கு ஒரே குட்டி, அடுத்ததற்கு 3 முதல் 7 வருடம். மலைப்பக்கம் வேலை பார்ப்பவர்கள் மின்வேலியில் ஒரு பெண் யானை போனதைச் சொல்லும்போது அந்த இழப்பு இங்கே நன்றாகவே புரிகிறது. 2022இல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் இருக்கிறது. கடற்புல் அதற்கு வெளியே, தொண்டிப் பக்கமும் உண்டு. புல் இருக்கும் இடத்துக்கு ஆவுளியா வரும், வலையும் வரும்.

இப்போது கூட்டங்களில் வேறு மாதிரி சொல்கிறேன். எஞ்சினை நிறுத்துங்கள். வாலில் கயிறு போடாதீர்கள், வள்ளத்தில் ஏற்றாதீர்கள். 300, 400 கிலோ உடம்பு தன் பாரத்திலேயே நசுங்கும். ஒருவர் மூஞ்சியை நீருக்கு மேல் தாங்கட்டும். இன்னொருவர் அதன் துடுப்புப் பக்கம், கத்தியின் கூர்ப்பக்கத்தை வெளியே பார்க்க வைத்து அறுக்கட்டும். படம் கடைசி.

"படம் கடைசின்னா, அது போனப்பறம் எதைப் படம் புடிக்கிறது சார்?" என்றார் மோர்ப்பண்ணைப் பெரியவர் ஒருவர். மூன்றாவது ஆளை வைத்து எடுக்கலாம் என்றேன்.

"வள்ளத்துல ரெண்டு பேருதான சார் போறோம்."